நடுவெளியில் நின்றவன்

சான் ஹெர்வாசியோ துறைமுகம்
மார்ச் 24, 1946

அன்புத் தங்கை ஓதீலியாவுக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் தம்பி துலோவும் இங்கே நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மழைக்கு முன் கூரையை மாற்றச் சொல்லியிருந்தேனே, ஆள் வந்தானா?

பேஸ்பால் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. இந்த வருஷம் லீகே தலைகீழாகக் கிடக்கிறது. வடக்கேயிருந்து அமெரிக்க ஆட்டக்காரர்கள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். பத்திரிகைக்காரர்கள் அவர்களை விட்டு நகர்வதில்லை. எங்கள் அணிக்கும் மூன்று பேர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஓட்டல், எங்களுக்குப் பழைய விடுதிதான். ஊர் ஊராகப் போவதும் அதே லாரியில்தான். துலோ உள்ளே உட்காரமாட்டான். கூரைமேல் மூட்டைகளோடு மூட்டையாகப் படுத்துக்கொள்கிறான். "வெள்ளைக்காரனுக்கு மெத்தை, எனக்கு மூட்டை. ஆனா பந்து ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான்ணே ஏமாத்துது" என்கிறான்.

நான் பந்து எறிகிறேன். அவனை நடுவெளியில் நிறுத்தியிருக்கிறார்கள். மட்டைக்காரனுக்கு நேர் எதிரே, வேலி வரைக்கும் உள்ள அவ்வளவு புல்லும் அவன் ஒருவன் பொறுப்பு. போன ஞாயிறு வேலியை ஒட்டி ஒரு பந்தைப் பிடித்தான். மேனேஜர் கூப்பிட்டு, "அது அங்கதான் விழும்னு எப்படிடா தெரிஞ்சுது?" என்று கேட்டார். "அது விழற இடத்துல நான் முன்னாடியே போய் நின்னுட்டேன் முதலாளி, அதுக்கு வேற வழியில்லை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு.

உங்கள் நினைவாகவே இருக்கும்,
எவாரிஸ்தோ

அக்கா, அண்ணன் விடுற குறட்டையில விடுதியே ஆடுது. அம்மாகிட்டச் சொல்லு. எனக்கு இங்க சோறு பத்தலை. அதையும் சொல்லு. — துலோ

*

மிசான்ட்லா
ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஈஸ்டருக்கு முதல் நாள் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மாடிப்படி மட்டும்தான் கஷ்டம், நம் வீட்டில் மாடி இல்லை, அதனால் கவலை இல்லை. கூரை ஆள் வந்தான். பாதி போட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டான்.

குண்டு மிளகு மரங்கள் பூத்திருக்கின்றன. மழை கெடுக்காவிட்டால் ஆகஸ்டில் முற்றம் முழுக்கப் பாய் விரிக்க வேண்டியிருக்கும் என்கிறார் அம்மா.

கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். துலோ எழுதிய இடம் வந்ததும், "இவ்வளவுதானா? மறைக்காம வாசிடி" என்று சண்டை. வேறு வழியில்லாமல் அவன் எழுதியதாக நானே நாலு வரி சேர்த்தேன். முட்டை தினமும் கிடைக்கிறது, பூசைக்குப் போகிறேன், அம்மா செய்யும் அவரைக் குழம்பு இங்கே யாருக்கும் வராது என்றெல்லாம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவனை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் நானே அவனாக எழுதிக்கொண்டிருப்பது?

உங்கள் வலது தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
ஓதீலியா

*

சான் லூயிஸ்
ஜூன் 16

ஓதீலியாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும், ஊர் ஊராக ஓட்டம். வடக்கே மழை அதிகம். பாதைகள் கெட்டுக் கிடக்கின்றன. போன ஞாயிறு நான் எறிந்தேன். ஜெயித்தோம்.

துலோவுக்கு எழுத நேரமில்லை. அம்மாவிடம் நீயே ஏதாவது சொல்லிக்கொள்.

எவாரிஸ்தோ

*

மிசான்ட்லா
ஜூலை 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். உங்கள் சிறு கடிதம் வந்தது. ஒரு விஷயம் எழுதுகிறேன், பதில் உடனே வேண்டும்.

நேற்று துலோ வீட்டுக்கு வந்தான்.

உச்சி வெயில். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். நாய் குரைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் துணி துவைக்கும் கல் தொட்டி பக்கத்தில் நிற்கிறான். ஆட்டச் சட்டை, தலை முதல் கால் வரை ஈரம். ஒரு காலில்தான் ஷூ. இடது கால் வெறுங்கால். "என்னடா இது, மழையே இல்லையே, எங்க போய் நனைஞ்சே?" என்றேன். பதில் இல்லை. ரொட்டி கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டே இருந்தான். துண்டு எடுக்க உள்ளே போய் வருவதற்குள் ஆளைக் காணோம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

உங்கள் இருவருக்கும் சண்டையா? ஏன் அவனைத் தனியாக அனுப்பினீர்கள்? எங்கே தங்கியிருக்கிறான்? எனக்குச் சொல்லவேண்டியது ஏதாவது இருந்தால் இப்போதாவது சொல்லுங்கள்.

ஓதீலியா

*

சான் ஹெர்வாசியோ
ஜூலை 10

என் ஓதீலியா, என் தங்கமே,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்காதே. நீ மட்டும் படி.

உயிரோடு இருக்கிறான்! உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இனி மறைக்க ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன். ஜூன் முதல் வாரம் வடக்கே போகும் வழியில் ஓர் ஆறு. பாலம் இல்லை, லாரியை மிதவையில் ஏற்றிக் கயிறு பிடித்து இழுத்துக் கடக்க வேண்டும். மலையில் பெய்த மழைக்கு வெள்ளம் காப்பி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் இறங்கி மிதவையில் நின்றோம். துலோ மட்டும் லாரிக் கூரையை விட்டு இறங்கவில்லை. "இறங்குடா" என்று கத்தினேன். "இங்கேருந்து பார்த்தா நல்லா இருக்குண்ணே" என்றான். நடு ஆற்றில் ஒரு மரம் வந்து மோதியது. மிதவை சாய்ந்தது. அவன் விளிம்பில் வந்து விழுந்தான். நான் குப்புறப் படுத்து முதலில் அவன் காலைப் பிடித்தேன், ஷூ கழன்று வந்துவிட்டது. பிறகு கையைப் பிடித்தேன். கை நழுவிவிட்டது.

நாலு நாள் கரையோரம் தேடினோம். உடல் கிடைக்கவில்லை. அம்மாவுக்கு எப்படி எழுதுவேன்? கிடைத்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அந்த இடது ஷூ என் பெட்டியில் இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. நீ வெறுங்கால் என்று எழுதியதைப் படித்ததும்தான் அது அவன்தான் என்று தெரிந்தது. நான் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர், கியூபாக்காரன் லீனோ, விடுதி மாடியில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி, "துலோ பொழைச்சுட்டான்!" என்று கத்தினான். ஐந்து வாரமாக வெறுமையாக இருந்த ஆணியில் அவன் சட்டையை மறுபடி மாட்டியிருக்கிறார்கள். அவன் தலையில் அடிபட்டிருக்கும், அதனால்தான் பேச்சில்லை. தேடு. பக்கத்து ஊர்களில் கேள். கிடைத்தால் விடாதே, கதவைப் பூட்டி வை. வேராகுரூஸ் ஆட்டம் முடிந்ததும் ஓடி வருகிறேன்.

உன் அண்ணன்

*

மிசான்ட்லா
ஜூலை 18

அண்ணா,

சுகம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

துலோ வரவில்லை. நான் எழுதியது பொய்.

ஜூன் கடைசியில் மிளகு வியாபாரி தோன் ப்ராவ்லியோ துறைமுகத்திலிருந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பி ஆத்தோட போயிட்டானாமே, கேள்விப்பட்டேன். அம்மா எப்படித் தாங்குறாங்க?" என்றார். அம்மா உள்ளே பாட்டு முணுமுணுத்தபடி மாவு அரைத்துக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் உங்கள் கடிதம் வந்தது. துலோவுக்கு எழுத நேரமில்லையாம். ஞாயிறு ஜெயித்தீர்களாம்.

நீங்கள் அவனை எங்கேயோ புதைத்துவிட்டு எங்களிடம் மறைக்கிறீர்கள் என்று நினைத்தேன். அவன் வந்து நின்றான் என்று எழுதினால் பயந்தாவது உண்மையைச் சொல்வீர்கள் என்றுதான் எழுதினேன். உடல் கிடைக்கவில்லை என்று தோன் ப்ராவ்லியோ சொல்லவில்லை. எனக்குத் தெரியாது அண்ணா. தெரிந்திருந்தால் கை வெட்டுப்பட்டாலும் எழுதியிருக்கமாட்டேன்.

அந்த ஷூ ஏன் எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது அப்படித்தான் வந்தது. உங்கள் கடிதத்தில் அதைப் படித்ததிலிருந்து கல் தொட்டிப் பக்கம் போக எனக்குப் பயமாக இருக்கிறது.

மன்னிக்கவேண்டாம். பதில் மட்டும் போடுங்கள்.

ஓதீலியா

*

மிசான்ட்லா
ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. வேராகுரூஸ் வரை வந்துவிட்டு இங்கே வராமல் திரும்பிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். உடம்பு சுகம்தானே?

இதை எழுதுவதா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். என் பேச்சை நீங்கள் இனி நம்பமாட்டீர்கள். ஆனாலும் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை.

மிளகு பறித்தாகிவிட்டது. முற்றத்தில் பாய் விரித்துக் காயவைக்கிறோம். போன வியாழக்கிழமை உச்சிப் பொழுதில் அம்மா மிளகு கிளறிக்கொண்டிருந்தார். நான் உள்ளே இருந்தேன். அம்மா யாரிடமோ பேசுவது கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஓதீலியா, துண்டு கொண்டா. துலோ வந்திருக்கான்."

வெளியே வந்தேன். யாருமில்லை.

"எங்கம்மா?"

"கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? தொட்டிகிட்ட நிக்கிறான் பாரு, சொட்டச் சொட்ட. வாயைத் திறக்கமாட்டேங்கிறான். ஏண்டா, இன்னொரு ஷூ எங்கடா? போன மாசம்தானே வாங்கினதா எழுதினே?"

அந்த ஷூ வாங்கிய செய்தி நான் அம்மாவுக்காகச் சேர்த்துப் படித்தது.

ஜூலைக் கடிதத்தில் நான் எழுதியதை எவரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. உங்கள் பதிலை அன்றைக்கே அடுப்பில் போட்டேன். பிறகு எப்படி?

தினமும் உச்சிக்கு வருகிறான் என்கிறார். அம்மாவுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் தொட்டிக்குப் பக்கத்துப் பாயில் ஓரிடத்தில் மட்டும் மிளகு நனைந்திருக்கிறது. அந்த இடம் பூசணம் பிடித்துவிட்டது. பாயை மாற்றிப் போட்டோம், அதுவும் அங்கே நனைந்தது. வானத்தில் மேகமே இல்லை அண்ணா. கையில் தொட்டு முகர்ந்தேன். கிணற்றுத் தண்ணீர் வாசனை இல்லை. சேற்று வாசனை.

ஓதீலியா

*

மான்டெர்ரே
செப்டம்பர் 4

ஓதீலியாவுக்கு,

நலம். இனி அவனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. உன் கற்பனையால் நான் ஒரு முறை பட்டது போதும். ஆணியில் மாட்டிய சட்டையை லீனோ திரும்ப எடுத்து மடித்தபோது நான் அறையில் இருந்தேன். நீ இல்லை.

அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. வடக்கத்திக்காரர்கள் இரண்டு பேர் சொல்லாமல் ஊர் போய்விட்டார்கள்.

அம்மாவை டாக்டரிடம் காட்டு.

அம்மா அவனிடம் என்ன பேசுகிறார்?

எவாரிஸ்தோ

*

மிசான்ட்லா
செப்டம்பர் 15

அண்ணா,

அம்மா என்ன பேசுகிறார் என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம்தான் பேசுகிறார். கூரையாள் இன்னும் வரவில்லை, கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது, அண்ணன் ஏன் கடிதம் போடுவதில்லை. துடைத்து விடுகிறார். காற்றைத்தான் துடைக்கிறார், ஆனால் துண்டு நனைந்து வருகிறது. பிழிந்து கொடியில் போடுவது நான். "எத்தனை தடவை துவட்டினாலும் காயமாட்டேங்கிறானே, ஏண்டி?" என்று என்னைக் கேட்கிறார். தன்னுடைய சோற்றைத் தொட்டியின்மேல் வைக்கிறார். இளைத்துவிட்டார்.

டாக்டர் வந்தார். முற்றத்தைக் கடக்கும்போது தொட்டியைச் சுற்றிக்கொண்டு போனார். ஏன் என்று கேட்டேன். "தெரியலம்மா, யாரோ வழியில நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்றார்.

உண்மையை அம்மாவிடம் சொல்ல வேண்டும். என் வாயால் முடியாது. ஆற்றில் இருந்தவர் நீங்கள். ஆட்டங்கள் முடிந்ததும் வாருங்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

ஓதீலியா

*

மிசான்ட்லா
அக்டோபர் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? தோள் எப்படி இருக்கிறது? இங்கே இருவரும் சுகம்.

வந்தீர்கள், ஒரு பொழுதுகூட முழுதாகத் தங்கவில்லை. சாயங்கால லாரியில் ஏறும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன். பார்க்காததை நீங்கள் எழுத வேண்டும்.

நீங்கள் அம்மா முன்னால் மண்டியிட்டு ஆற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினீர்கள். மரம் வந்து மோதிய இடம் வரை சொன்னீர்கள். அம்மா உங்கள் வாயைக் கையால் பொத்தினார்.

"எனக்கு எதுக்குடா சொல்றே? பெத்த பிள்ளை மாசக்கணக்கா ஈரத்தோட வந்து நிக்கிறான், எனக்குத் தெரியாதா? அவனுக்குத்தான் யாரும் சொல்லலை. தெரியாமத்தான் நடந்துகிட்டே இருக்கான். போ, உச்சிப் பொழுதாச்சு. போய் அவன்கிட்டச் சொல்லு."

அம்மா இத்தனை நாளும் தெரிந்துகொண்டே துடைத்திருக்கிறார்.

நீங்கள் எழுந்து போனீர்கள். நான் அடுப்படி ஜன்னலில் நின்றேன். நீங்கள் தனியாக நின்று பேசினீர்கள். முதலில் தலை குனிந்து. பிறகு கையை ஆட்டி, பந்து எறிகிற மாதிரி காட்டி. ஓரிடத்தில் சிரித்தீர்கள். நிழல் சுவரைத் தொடும்வரை பேசினீர்கள். பிறகு சட்டென்று நிறுத்திவிட்டு, வெகுநேரம் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

மறுநாளிலிருந்து அந்த இடம் காய்ந்திருக்கிறது. அம்மா சாப்பிடுகிறார், அழுகிறார், தூங்குகிறார். அவன் ஆன்மாவுக்காகப் பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

அவனிடம் என்ன சொன்னீர்கள்?

ஓதீலியா

*

சான் ஹெர்வாசியோ
நவம்பர் 10

அன்புத் தங்கை ஓதீலியாவுக்கு,

நான் நலம். அம்மா சாப்பிடுகிறார் என்று படித்ததும்தான் எனக்கும் பசி எடுத்தது.

நீ கேட்டதைச் சொல்கிறேன். இதை வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை, லீனோவிடம்கூட.

நான் தொட்டியருகே போனபோது யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன். அம்மாவின் திருப்திக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்றுதான் நின்றேன். பிறகு அவன் இருந்தான். எப்படி வந்தான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் கண் கூசி மூடித் திறந்தால் ஒருவர் எதிரே நிற்பாரே, அப்படி. முடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு நீலமாக இருந்தது. மற்றபடி துலோதான். நீயும் அம்மாவும் அவன் பேசமாட்டான் என்றீர்கள். என்னிடம் பேசினான்.

"என்னண்ணே, இவ்வளவு லேட்டு? ஆட்டமெல்லாம் என்னாச்சு?" என்றான்.

சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவன் கேட்டதையே பிடித்துக்கொண்டேன். ஜூனிலிருந்து ஆரம்பித்து எல்லா ஆட்டத்தையும் சொன்னேன். தோர்ரியோனில் புழுதிக் காற்றில் பந்து தெரியாமல் நடுவரும் கண்ணை மூடிக்கொண்டதைச் சொன்னேன். புவேப்லாவில் இருட்டும்வரை இழுத்த ஆட்டம். வடக்கத்திக்காரன் ஒருவன் மிளகாயைத் தின்றுவிட்டு இரண்டாம் இன்னிங்ஸில் களத்தை விட்டு ஓடியது. அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். நீ ஜன்னலிலிருந்து பார்த்தது அப்போதுதான். கடைசிக்கு முந்தின இடத்தில் முடித்தோம் என்றேன். "த்தூ, வெட்கமா இல்லை? அந்த மான்டெர்ரே ஆட்டத்தை எப்படி விட்டீங்க?" என்றான்.

"பந்து நடுவெளிக்குப் போச்சுடா. லீனோவோட மச்சான் நின்னான். வேலி வரைக்கும் ஓடினான், எட்டலை" என்றேன்.

"நான் எடுத்திருப்பேன்."

"எடுத்திருப்படா."

அவன் விரலை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். பிறகு நிமிர்ந்து பார்த்தான்.

"தோர்ரியோன்ல நடுவெளியில யாரு?"

"லீனோவோட மச்சான்."

"புவேப்லாவுல?"

"அவன்தான்."

"நீ சொன்ன ஒரு ஆட்டத்துலயும் நான் இல்லையேண்ணே?"

நான் பதில் சொல்லவில்லை ஓதீலியா. சத்தியமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயதில் பந்து எந்தப் பக்கம் போகும் என்று என் தோளைப் பார்த்தே கண்டுபிடிப்பான், அதே பார்வை.

"ஓ" என்றான்.

என் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் விரல்கள் எவ்வளவு குளிராக இருந்தன என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அவன்தான் மெதுவாக விடுவித்துக்கொண்டான்.

பிறகு இன்னிங்ஸ் முடிந்து இடம் மாறுகிறவர்கள் ஓடுவார்களே, அவசரமில்லாமல், தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, அப்படி முற்றத்தைத் தாண்டி வாசல் வழியாக ஓடிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் நாய் ஒன்று எழுந்து வழி விட்டது.

அம்மாவுக்கு என் முத்தங்கள். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன், இந்தத் தடவை தங்குவேன்.

அண்ணன்,
எவாரிஸ்தோ